காட்டுப் பாதையில் சிக்கிக்கொண்டால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மெக்ரிட்சி, புக்கிட் தீமா, புலாவ் உபின். எல்லை தாண்டினால் ஜோகூரில் குனோங் லம்பாக், குனோங் லேடாங். சிங்கப்பூர் நடைக் குழுக்கள் அடிக்கடி போகும் இடங்கள் இவை. இங்கே சிக்கிக்கொள்பவர்களைப் பசியோ விலங்கோ வீழ்த்துவது அபூர்வம். வெப்பமும், இருட்டும், இருட்டுவதற்குள் போய்விடலாம் என்ற அவசரத்தில் சறுக்கி விழுவதும்தான் வீழ்த்துகின்றன. உங்களுக்கு நேர்ந்திருப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நில்லுங்கள், உட்காருங்கள், இரண்டு மிடறு தண்ணீர் குடியுங்கள்.

பாதை காணாமல் போய்விட்டது

முதலில் நிற்கும் இடத்தை அடையாளப்படுத்துங்கள். பளிச்சென்ற துண்டு, பையின் மழையுறை, எது இருந்தாலும் கண்மட்ட உயரத்தில் ஒரு கிளையில் கட்டுங்கள். பிறகு யோசியுங்கள்: சந்தேகமே இல்லாமல் பாதையில் இருந்த கடைசி இடம் எது? ஒரு பலகை, ஒரு படிக்கட்டு, ஒரு விழுந்த மரம், ஏதாவது நினைவுக்கு வரும். அங்கிருந்து நடந்தது கால்மணி நேரத்துக்குள் என்றால் வந்த வழியே திரும்பலாம். திரும்பும்போது காடு வேறு மாதிரி தெரியும், ஏனென்றால் வரும்போது மரங்களின் மறுபக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அதனால் ஒவ்வொரு முப்பது அடிக்கும் நின்று, தரையைப் பாருங்கள். மிதிபட்டுக் கருத்த இலைச்சருகும், மண்ணுக்கு மேலே தேய்ந்து வழவழப்பான வேர்களும் மனிதர் நடந்த தடம். மேல் பக்கம் உலர்ந்து, கலையாமல் கிடக்கும் சருகு பாதை அல்ல.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் துண்டு கட்டிய இடத்திலேயே நிற்க வேண்டும். மற்றவர் குரல் கேட்கும் தூரம் வரை மட்டும் ஒரு திசையில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். பிறகு அடுத்த திசை. நான்கு திசையும் பார்த்தும் கிடைக்கவில்லையா? இனி நகராதீர்கள். தேடுபவர்கள் உங்கள் திட்டத்தில் இருந்த பாதையிலிருந்துதான் தொடங்குவார்கள். நீங்கள் நகர நகர அவர்கள் அலச வேண்டிய பரப்பு பெருகிக்கொண்டே போகும்.

இங்கே மூன்று தவறான நம்பிக்கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்றும் வேறு நாட்டுக் காடுகளுக்குப் பொருந்துபவை.

ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்பது ஒன்று. நம் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் ஓடைகள் போய்ச் சேர்வது நீர்த்தேக்கத்தின் சேற்று விளிம்பில். ஜோகூர் மலைகளில் அவை அருவியின் தலைக்குக் கொண்டுபோய் விடும்; ஈரப்பாறையில் இறங்க முயல்வதில்தான் எலும்பு முறிகிறது. ஓடைக்கரையில் பிரம்புக் கொடிகளும் அடர்ந்திருக்கும். அதன் கொக்கி முட்கள் பின்னோக்கி வளைந்தவை. இழுக்க இழுக்க ஆழமாக மாட்டும். மாட்டினால் ஒரு அடி பின்வாங்கி, கொடியைக் கையால் தளர்த்தி விடுவிக்க வேண்டும்.

கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்குக் காட்டி வடக்கு தெற்கு பார்ப்பது இரண்டாவது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகைதான் வடக்கே. உச்சி வெயில் ஜூனில் வடக்குப் பக்கமும் டிசம்பரில் தெற்குப் பக்கமும் சாய்ந்திருக்கும்; அந்தக் கணக்கு இங்கே பிழைபடும். போதாக்குறைக்கு நம் கடிகாரம் சூரியனை விட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது: சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 1 மணிக்கு. துருவ நட்சத்திரம் மூன்றாவது. அது இங்கே அடிவானத்தை ஒட்டியே இருப்பதால் காட்டுக்குள்ளிருந்து தெரியவே தெரியாது.

வேலை செய்வது நிழல் குச்சி. வெயில் விழும் இடத்தில் ஒரு முழம் நீளக் குச்சியை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். இருபது நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்குக்குப் பிறகும் நிழல் நீளமாக விழுவதால் தெளிவாகத் தெரியும். திசை தெரிந்துவிட்டதே என்று புதரை வெட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று மீட்பாளரிடம் சொல்லத்தான் அது உதவும்.

விரைவுச்சாலை இரைச்சல் கேட்டால் ஆறுதலாக இருக்கும், ஆனால் பள்ளத்தாக்கில் ஒலி சுவரில் பட்டது போல எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரும். காதை மட்டும் நம்பித் திசை முடிவு செய்யாதீர்கள். நான்கு மொழிகளில் எழுதிய ராணுவப் பகுதி எச்சரிக்கைப் பலகை எதிர்ப்பட்டால், குறுக்குவழி எவ்வளவு அருகில் தெரிந்தாலும் அதைத் தாண்டக் கூடாது. மேற்குப் பகுதிக் காடுகளில் உண்மையான குண்டுகளை வைத்துப் பயிற்சி நடக்கிறது. தரையில் கிடக்கும் உலோகப் பொருள் எதையும் தொடாதீர்கள்.

மணி ஆறு, இன்னும் பாதை தெரியவில்லை

இங்கே சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் மாலை 6:45க்கும் 7:20க்கும் இடையில். அந்தி நேரம் மிகக் குறுகியது. மரக்கூரைக்குக் கீழே அரை மணி முன்பே கால் வைக்கும் இடம் தெரியாது. எனவே எங்கள் கணக்கு கறாரானது: 6 மணிக்கு உறுதியான பாதையில் இல்லை என்றால் அன்றைய நடை முடிந்தது. மிச்சமுள்ள வெளிச்சம் இரவுக்குத் தயாராவதற்கு.

உட்காரும் முன் மேலே பாருங்கள். காய்ந்த கிளை, பாதி முறிந்து தொங்கும் கிளை, ஒரு பக்கமாகச் சாய்ந்த மரம் ஆகியவற்றுக்குக் கீழே தங்கக் கூடாது. மழையில் நனைந்து கனத்த கிளை காற்று இல்லாமலும் விழும். பட்டையில் கருப்புப் பிசின் வடிந்து காய்ந்திருக்கும் மரத்திலிருந்தும் விலகுங்கள். அது ரெங்காஸ் மரமாக இருக்கலாம்; அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். ஓடையிலிருந்து எழுந்து மேட்டுக்கு வாருங்கள், ஆனால் மலை முகட்டுக்குப் போகாதீர்கள்.

நம் ஊரில் குளிரால் என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. வியர்வையில் ஊறிய சட்டையோடு மழையிலும் நனைந்து, காற்றில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் 24 பாகையிலும் பல் கிட்டும். லேடாங் 1,276 மீட்டர். உச்சிப் பகுதியில் அடிவாரத்தை விட ஆறேழு பாகை குறைவு. இதற்கு மலிவான மருந்து பெரிய கருப்புக் குப்பைப் பை, 120 லிட்டர் அளவு, ஆளுக்கு இரண்டு. பையின் மூடிய முனையில், நடுவில் அல்லாமல் ஓரத்து மடிப்பில், முகம் மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு துளை கிழித்துத் தலைவழியாக மாட்டுங்கள். நடுவில் கிழித்தால் கழுத்து வழியாக மழை இறங்கும். இரண்டாவது பையில் காய்ந்த இலையைத் திணித்து மேலே உட்காருங்கள். உட்கார்ந்த பிறகும் ஒரு கை அகலத் தடிமன் மிஞ்ச வேண்டும், ஏனென்றால் உடம்பின் சூட்டை அதிகம் உறிஞ்சுவது ஈரத் தரைதான். முகத்தை ஒருபோதும் பைக்குள் மூடாதீர்கள்.

கால்சட்டையை காலுறைக்குள் செருகுங்கள், கைகளை மூடுங்கள். தீ மூட்டும் யோசனையை விடுங்கள். சிங்கப்பூர் வனப்பகுதிகளில் அது சட்டப்படிக் குற்றம். நனைந்த விறகில் உருப்படியாகப் பற்றவும் செய்யாது.

கைபேசியில் சமிக்ஞைக் கோடு இல்லை, அல்லது மின்கலம் 20 விழுக்காட்டுக்குக் கீழே

முதல் வேலை திரை வெளிச்சத்தைக் குறைப்பது, மின்சேமிப்பை இயக்குவது. அடுத்து விமானப் பயன்முறை. சமிக்ஞை இல்லாத இடத்தில் கைபேசி கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலத்தைக் காலி செய்யும். இருப்பிடம் காட்டும் செயற்கைக்கோள் சமிக்ஞை விமானப் பயன்முறையிலும் பல கைபேசிகளில் கிடைக்கும். வரைபடத்தைத் திறந்து, நீலப் புள்ளியின் மேல் விரலை அழுத்தி வைத்தால் ஆயத்தொலை எண்கள் வரும். அவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கைபேசி அணைந்தாலும் உங்களிடம் இருக்கும்.

பிறகு ஒவ்வொரு மணி நேரமும் முதல் ஐந்து நிமிடம் மட்டும் விமானப் பயன்முறையை விலக்கி முயலுங்கள். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகும், அதற்கு ஒரு நொடிச் சமிக்ஞை போதும். ஒரே செய்தியில் எல்லாமும் இருக்கட்டும்: எத்தனை பேர், யாருக்கு என்ன காயம், ஆயத்தொலை எண்கள், எந்த வழியாக நுழைந்தீர்கள், அடுத்து எத்தனை மணிக்குக் கைபேசியைத் திறப்பீர்கள். வீட்டில் உள்ள ஒருவருக்கு அனுப்பி அவரை அழைக்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் மருத்துவ உதவிக்கும் மீட்புக்கும் 995, காவல்துறைக்கு 999. மலேசியாவில் எல்லாவற்றுக்கும் 999. உபினிலும் வடக்குக் கரையிலும் கைபேசி தானாகவே மலேசியக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது வழக்கம், அப்போது 995 போகாது. அமைப்புகளில் தானியங்கித் தேர்வை நிறுத்தி உங்கள் நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுங்கள். எந்த எண்ணில் யார் எடுத்தாலும் முதலில் சொல்ல வேண்டியது நாடு, பிறகு இடம். அருகில் பலகையோ விளக்குக் கம்பமோ இருந்தால் அதில் உள்ள எழுத்தையும் எண்ணையும் அப்படியே படியுங்கள்.

மின்னேற்றும் துளைக்குள் ஈரம் என்று எச்சரிக்கை வந்தால் மின்கம்பியைச் செருகாதீர்கள். துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் தட்டி, உடம்போடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரமாவது காயவிடுங்கள்.

தலைவலி, குமட்டல், கால் நரம்பு இழுக்கிறது

இதில் இரண்டு வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன, ஆகவே நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சிறுநீர் அடர் மஞ்சள், வாய் வறட்சி, எழுந்தால் கிறுகிறுப்பு: நீரும் உப்பும் குறைந்த வெப்பச் சோர்வு. நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, காலணியைத் தளர்த்தி, சிறு சிறு மிடறாகக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கரண்டி என்றது தேக்கரண்டியை. உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது.

சிறுநீர் தண்ணீர் போலத் தெளிவு, வயிறு தளும்புகிறது, விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுகிறது, காலையிலிருந்து வெறும் தண்ணீராகவே குடித்து வந்தார்: இது உப்பு நீர்த்துப்போன நிலை. இவருக்கு மேலும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். குடிப்பதை நிறுத்தி, முறுக்கு, ஊறுகாய், உப்புக் கடலை எது பையில் இருக்கிறதோ அதைச் சிறிது சிறிதாகத் தின்னச் சொல்லுங்கள். குழப்பமோ வலிப்போ வந்தால் உடனே 995.

மூன்றாவது நிலை வெப்பவாதம், உயிர்ப் பிரச்சினை. பேச்சு உளறுகிறது, கேட்டதற்குப் பொருந்தாத பதில் வருகிறது, நடை தள்ளாடுகிறது, உடம்பு கொதிக்கிறது. வியர்வை நின்றால்தான் வெப்பவாதம் என்று பலரும் காத்திருந்து கெடுக்கிறார்கள். நடந்து களைத்தவருக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்குங்கள். மேல்சட்டையைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, கைலியையோ துண்டையோ இரண்டு பேர் பிடித்து விசிறுங்கள். தண்ணீர் மட்டும் தேங்கினால் சூடாகிவிடும்; காற்றுதான் சூட்டைக் கொண்டுபோகும். ஆழமில்லாத, இழுவை இல்லாத ஓடை பக்கத்தில் இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்து உடலை அமிழ்த்தலாம். தெளிவாகப் பேசாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கும். நினைவு திரும்பினாலும் நடக்க விடாதீர்கள்.

தண்ணீர் தீர்ந்துவிட்டது

நம் காட்டில் முதல் ஆதாரம் மழை. போன்சோவை (தலைவழியாக மாட்டும் மழையங்கி) நான்கு மூலையில் கட்டி, நடுவில் ஒரு கல்லை வைத்துப் பள்ளமாக்கி, அதன் கீழ் முனையைப் புட்டிக்கு வழிகாட்டுங்கள். முதல் இரண்டு நிமிட நீர் துணியின் அழுக்கைக் கழுவட்டும், அதைக் கொட்டிவிடுங்கள்.

ஓடைநீரை எடுக்க நேர்ந்தால், தேங்கிய இடத்தைத் தவிர்த்து ஓடும் இடத்தில், நான்காக மடித்த துண்டின் வழியே வடிகட்டுங்கள். துண்டு வண்டலைத்தான் தடுக்கும், கிருமியை அல்ல. குளோரின் மாத்திரை இருந்தால் உறையில் போட்ட அளவு, அரை மணி நேரம். கலங்கிய நீரில் மருந்து பாதி வேலைதான் செய்யும் என்பதால் முதலில் தெளிய விட வேண்டும். ஜோகூரில் முகாம் அடுப்பு கையில் இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். எதுவும் இல்லை, ஆளுக்கு மயக்கம் வருகிறது என்றால் வடிகட்டிய ஓடைநீரைக் குடிக்கலாம். வயிற்று நோய் நாட்கள் கழித்து வரும், மருத்துவமும் உண்டு. வெப்பவாதம் அன்றைக்கே கொல்லும். கொடியை வெட்டிச் சாறு குடிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பால் வடியும் கொடி பெரும்பாலும் நஞ்சு, இனம் பிரிக்கத் தெரியாதவருக்கு வேறுபாடு தெரியாது.

காலணியின் அடிப்பகுதி பிய்ந்து தொங்குகிறது

சிங்கப்பூரில் இது மிக அடிக்கடி நடக்கிறது, காரணம் நம் ஈரக்காற்று. நடைக் காலணியின் மெத்தைப் பகுதி பாலியூரித்தேன் என்ற நுரையால் ஆனது. அலமாரியில் போடாமலே வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் அதை மெல்ல உடைத்துப் பொடியாக்கும். பல ஆண்டுகள் பெட்டியில் இருந்த, பார்ப்பதற்குப் புத்தம் புதிதான ஜோடிதான் முதல் மணி நேரத்தில் வாயைப் பிளக்கும். பிளந்த இடத்தில் விரல் வைத்துத் தேய்த்தால் ஈரமான ரொட்டித்தூள் போல உதிரும். அதில் பசை நிற்காது. ஒரு கால் போனால் மற்றதும் அரை நாளில் போகும், எனவே இரண்டையும் சேர்த்தே கட்டுங்கள்.

சேறும் ஈரமும் உள்ள இடத்தில் ஒட்டுநாடா நழுவிவிடும், கயிறுதான் தாங்கும். பையின் உபரி வார், கூடாரக் கயிறு, காலுறையைக் கிழித்த பட்டை எதுவும் ஆகும். அடிப்பகுதியை இடத்தில் அழுத்தி, கயிற்றின் நடுவை விரல் பகுதிக்குக் கீழே வைத்து, மேலே குறுக்காக மாற்றி, இரண்டு முனைகளையும் குதிகாலுக்குப் பின்னால் கொண்டுபோய், திரும்பவும் முன்னால் கணுக்காலில் முடியுங்கள். குதிகாலைச் சுற்றாமல் பாதத்தில் மட்டும் கட்டினால் பத்தடியில் முன்னால் நழுவிவிடும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டை இருந்தால் முன்னால் இரண்டு, குதிகாலுக்கு முன்னால் ஒன்று. பூட்டு மேல்பக்கம் வரட்டும், கீழே வந்தால் பாறையில் உரசி அறுந்துவிடும். அடிப்பகுதி முழுதாகவே போய்விட்டால் உள்ளட்டையோடு காலணியின் மேற்பகுதியை மாட்டிக்கொண்டு, அதன் கீழ் துண்டை இரு மடிப்பாகக் கட்டுங்கள். படிகளில் பக்கவாட்டாக இறங்குங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டில் மெத்தைப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தி, வளைத்துப் பார்த்தால் இந்தத் தொல்லையே வராது.

கணுக்கால் பிசகிவிட்டது

நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா, கணுவின் இருபக்க எலும்பு முனைகளை அழுத்தினால் கூர்மையாக வலிக்கிறதா என்று பாருங்கள். நடக்க முடியவில்லை அல்லது எலும்பில் வலி என்றால் முறிவாகவே கருதுங்கள்: இருக்கும் இடத்திலேயே உதவி கேளுங்கள். நடக்க முடிந்தால் காலணியைக் கழற்றாதீர்கள். வீக்கம் ஏறிய பிறகு திரும்பப் போட முடியாது. மடித்த துண்டைப் பாதத்துக்கு அடியில் கொடுத்து, கணுவின் பின்னால் குறுக்காக்கி, முன்னால் எட்டு வடிவத்தில் காலணியின் மேலேயே கட்டுங்கள். கால்விரல் மரத்தால் தளர்த்துங்கள். மடக்குக் குடை நல்ல ஊன்றுகோல் அல்ல, வளையும். முறிவுக்கு மூங்கில் போலப் பக்கத்தில் வைத்துக் கட்டும் சட்டமாக மட்டுமே நீளக்குடை உதவும்.

ஓடை திடீரென்று கலங்குகிறது; தூரத்தில் இடி

ஜோகூர் அருவிகளில் மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் திடீர் வெள்ளம் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை பெய்திருக்கும். அறிகுறி: தெளிநீர் பால்தேநீர் நிறமாகும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் ஏறும். பையை எடுக்கக் குனியாமல், நீங்கள் நிற்கும் கரையிலேயே மேலே ஏறுங்கள். மறுகரைக்குக் கடப்பதில்தான் அடித்துச் செல்லப்படுகிறார்கள்.

இடிக்கு, பக்கங்கள் திறந்த கூரைக் கொட்டகை பாதுகாப்பல்ல. தனித்து உயர்ந்த மரம், முகடு, நீர்விளிம்பு மூன்றையும் விட்டு விலகி, ஒரே உயரமுள்ள மரங்களுக்கு நடுவே தாழ்ந்த இடத்தில், பையின் மேல் குந்துங்கள். ஒருவருக்கொருவர் விலகி இருங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் நகர வேண்டாம்.

கொட்டியது, கடித்தது, ஒட்டியது

குளவி: கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு வந்த பாதையிலேயே ஓடுங்கள், உட்கார்ந்தால் மேலும் கொட்டும். உதடு வீங்கினாலோ மூச்சு அடைத்தாலோ 995.

பாம்பு: வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல், கடித்த நேரத்தைக் குறித்துவையுங்கள். பாம்பைத் தேடிப் போக வேண்டாம். துப்பும் நாகத்தின் நஞ்சு கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள், தேய்க்காதீர்கள்.

அட்டை: நகத்தைத் தோலோடு ஒட்டிப் பிடித்து, மெல்லிய முனைப்பக்கம் நகர்த்தினால் விடும். உப்பும் நெருப்பும் வேண்டாம்.

தேடுபவர் குரல் கேட்கிறது, அவர்களுக்கு நீங்கள் தெரியவில்லை

அவர்களை நோக்கி ஓடாதீர்கள். விசிலை ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்திக் காது கொடுங்கள், பதில் வருமிடம் அந்த அமைதியில்தான் பிடிபடும். தொண்டை கிழியக் கத்துவதை விட விசில் நெடுந்தூரம் போகும், பையின் மார்புக் கொக்கியில் சிறு விசில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா பாருங்கள். இரவில் கைவிளக்கை மேலே வானத்துக்கு அல்ல, குரல் வரும் பக்கம் மெல்ல ஆட்டுங்கள்.

நீங்களாகவே வெளியேறிவிட்டால், வீட்டுக்குப் போகும் முன் உதவி கேட்ட எண்ணுக்குத் திரும்ப அழைத்துச் சொல்லுங்கள். உங்களைத் தேடி ஒரு குழு இருட்டில் இன்னும் நடந்துகொண்டிருக்கலாம்.

வீடு திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல்

டெங்கி, எலிக்காய்ச்சல், ஜோகூருக்குப் போயிருந்தால் குரங்கிலிருந்து வரும் மலேரியா, மூன்றும் தொடக்கத்தில் சாதாரணச் சளிக்காய்ச்சல் போலவே இருக்கும். மருத்துவரிடம் எந்தத் தேதியில், எந்தக் காட்டில், ஓடைநீர் குடித்தீர்களா, காலில் காயத்தோடு சேற்றில் நடந்தீர்களா என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். எந்த இரத்தப் பரிசோதனை என்பதை அவர் அதை வைத்தே முடிவு செய்வார். அதுவரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம், டெங்கியாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும் போதும்.